குறைமருந்துக்கு அஞ்சிய அறிஞர்

பெனிசிலின் என்னும் மருந்தைக் கண்டவர் சேர் அலெக்சாந்தர் பிளெமிங் என்பது பாடசாலைப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்த செய்தி. திறந்து கிடந்த கண்ணாடித் தட்டிலே பூஞ்சணம் விழுந்தது, கிருமிகள் மாண்டன, மருந்து பிறந்தது என்று மூன்று வாக்கியங்களில் அவருடைய வரலாற்றைப் பொதுஅறிவு நூல்கள் முடித்துவிடுகின்றன. யானும் நெடுங்காலம் அவ்வளவே அறிந்திருந்தேன். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங் கழிக்கும் ஒருவனுக்கு அதற்குமேல் அறியவேண்டிய தேவை என்னையோ எனக் கேட்பாரும் உளர். எனக்குத் தேவை இருந்தது. மாங்கேணியில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு பிழைக்கும், அப்பெரியவர் தம் புகழின் உச்சியில் நின்று உலகத்துக்குச் சொன்ன ஓர் அச்சத்துக்கும் உறவு உண்டு என்பதைக் காலங் கடந்தே அறிந்தேன். அப்பிழையை அதற்குரிய இடத்திற் சொல்வேன். முதலில் அவர் வரலாறு.

ஸ்கொத்லாந்தின் எயர்சயர் நாட்டில் டார்வெல் என்னும் சிற்றூருக்கு அண்மையில் லொக்பீல்ட் என்றொரு பண்ணை. அங்கே 1881ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 6ஆந் திகதி பிளெமிங் பிறந்தார். தந்தையார் ஹியூ பிளெமிங் ஆடுமாடுகளை வளர்த்து உழுதுண்டு வாழ்ந்தவர். அவருடைய இரண்டாந்தாரத்துப் பிள்ளைகள் நால்வருள் மூன்றாமவர் அலெக்சாந்தர். ஏழு வயதிலே தந்தையை இழந்தார். மேட்டுநிலத்துப் பாடசாலைக்குப் பனியிலும் மழையிலும் நெடுந்தூரம் நடந்து போய்வந்த அந்தப் பிள்ளைகள் பறவையின் கூட்டையும் மீனின் மறைவிடத்தையும் கண்ணாற் கண்டு கற்றவர்கள். பிறர் காணாது கடந்து போவதைத் தாம் நின்று காணும் பழக்கம் பிளெமிங்குக்கு அங்கேதான் அமைந்தது என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். வாவிக்கரையில் வளர்ந்த எமக்கு இது விளங்காத செய்தியன்று.

பதின்மூன்று வயதளவில் இலண்டன் மாநகருக்கு வந்து தமையனாருடன் தங்கிச் சிலகாலம் படித்தார். பின்பு கப்பற் கம்பனி ஒன்றிலே நான்கு ஆண்டுகள் எழுதுவினைஞராய் இருந்தார். சிறிய தந்தையார் ஒருவர் விட்டுச் சென்ற பணத்திற் பங்கு கிடைத்தபோது, முன்னரே வைத்தியராயிருந்த தமையன் ரொம் என்பவர் தம்பியையும் அத்துறைக்கே திருப்பினார். இலண்டனிலுள்ள வைத்தியக் கல்லூரிகள் பலவற்றுள் சென் மேரிஸ் கல்லூரியைப் பிளெமிங் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், நீரிலே பந்தாடும் போட்டியில் அக்கல்லூரியாரை முன்பு எதிர்த்து ஆடியமையே என்பர். 1906ஆம் ஆண்டில் மிகச் சிறப்பாகச் சித்தியெய்தினார். துப்பாக்கி சுடுவதிலும் வல்லவர் என்றபடியால், அவரைத் தம் குழுவிலிருந்து விட மனமில்லாத நண்பர் ஒருவர், அங்கேயே அம்மைப்பால் முதலியன ஆராயும் சேர் அல்ம்ரொத் ரைட் என்பவரின் பகுதியில் அவரைச் சேர்த்துவிட்டார். பந்தும் துப்பாக்கியும் சேர்ந்து மருத்துவத்துக்குச் செய்த உதவி அது.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். பண்ணைச் சிறுவனாகிய பிளெமிங் சேற்றில் அமிழ்ந்த வின்ஸ்ரன் சேர்ச்சிலைக் காப்பாற்றினான் என்றும், அதற்குக் கைம்மாறாகச் சேர்ச்சிலின் தந்தையார் அவனைப் படிப்பித்தார் என்றும், பின்னர் பெனிசிலின் சேர்ச்சிலின் உயிரைக் காத்தது என்றும் ஒரு கதை நம் பாடசாலைக் காலைக் கூட்டங்களிலே தவறாமற் சொல்லப்படுகின்றது. கதை அழகியதே, உண்மை அன்று. சேர்ச்சிலுக்கு 1943இல் நியூமோனியா கண்டபோது கொடுக்கப்பட்டது சல்பா வகை மருந்து. ஆசிரியர்கள் இக்கதையை விட்டொழித்தல் நன்று.

சல்வர்சான் என்னும் பாஷாணங் கலந்த மருந்தை ஜெர்மானிய அறிஞர் போல் ஏர்லிக் வெளியிட்டபோது, பிரித்தானியாவில் அதை முதன்முதற் பயன்படுத்தியோருள் பிளெமிங் ஒருவர். அந்த ஏர்லிக், குருதியில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் மருந்துக்கு அடங்காதனவாய் மாறுவதை அதற்கு முன்பே ஆய்வுகூடத்திற் கண்டவர். அடிப்பதாயின் ஒரே முறையில் முழுவலிமையோடு அடிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கை இளைஞர் பிளெமிங்கின் காலத்தில் வைத்தியர் எல்லோரும் பேசியது.

முதலாம் உலகப் போர் வந்தது. பிரான்சிலே புலோன் நகரில் ரைட்டுடன் இருந்து காயம்பட்ட போர்வீரர்களைப் பார்த்தார். வெட்டுக் காயத்தின் மேற்புறத்துக் கிருமிகளைக் கொல்லும் மருந்துநீர், ஆழத்திலே ஒளிந்திருக்கும் கிருமிகளை எட்டாமல், நோயோடு பொருதும் வெள்ளைக் குருதிக் கலங்களையே அழித்துவிடுகின்றது என்பதை அங்கே கண்டார். மருந்து சென்றடையாத இடத்திலே பகை உயிரோடு இருக்கும் என்னும் இந்த எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை. கண்ணீரிலும் மூக்குச் சளியிலும் உள்ள லைசோசைம் என்னும் பொருளை அவர் 1922இல் வெளியிட்டது மற்றொரு கதை. அது பெரிய நோய்க்கிருமிகளைக் கொல்லவில்லை.

1928ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத் தொடக்கத்தில் விடுமுறை கழித்துத் திரும்பியவர், தாம் விட்டுச் சென்ற தட்டுகளுள் ஒன்றிலே, திராட்சைக் குலை போலக் கூடிவளரும் ஸ்டபிலோகொக்கஸ் என்னும் கிருமிகள் ஒரு பூஞ்சணத் திட்டைச் சுற்றி மாத்திரம் கரைந்து போயிருப்பதைக் கண்டார். பழுதான தட்டு என்று கழுவியெறிந்திருக்கலாம். நின்று பார்த்தார். அதிலிருந்து ஊறிய சாற்றுக்கு 1929இல் பெனிசிலின் எனப் பெயரிட்டு ஒரு கட்டுரையும் எழுதினார். ஆயினும் அச்சாற்றைப் பிரித்துத் தூய்மையாக்கும் இரசாயன வன்மை அவரிடமோ அவருடைய உதவியாளரிடமோ இல்லை. பத்தாண்டுகள் அது நூலகத்து ஏட்டிலே உறங்கிற்று. அவர் பேச்சு வன்மையும் இல்லாதவர். அவருடைய விரிவுரையைக் கேட்டோர் பலர் அதன் பயனை உணரவேயில்லை. நல்ல பொருளைச் சொல்லத் தெரியாமற் சொல்வதும் ஒரு குற்றமே என்பதைப் பண்டிதர்களாகிய நாமும் நினைவிற் கொள்ளலாம்.

மருந்தாக்கியவர்கள் ஒக்ஸ்போர்ட் நகரத்தார். ஹவார்ட் புளோரி, ஏர்ன்ஸ்ட் செயின், நோர்மன் ஹீட்லி ஆகியோர் 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் எலிகளுக்குக் கொடுத்து வெற்றி கண்டனர். அடுத்த ஆண்டு பெப்ரவரி 12ஆந் திகதி அல்பேர்ட் அலெக்சாந்தர் என்னும் பொலிசுக்காரருக்கு ஊசியேற்றத் தொடங்கினர். முகத்திற் புகுந்த கிருமி உடலெங்கும் பரவி ஒரு கண்ணையும் இழந்து சாகக் கிடந்த மனிதர் அவர். மறுநாளே காய்ச்சல் தணிந்தது, பசி எடுத்தது. ஆனால் நாட்டில் இருந்த பெனிசிலின் முழுவதும் ஐந்து நாளிலே தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. எஞ்சிய கிருமிகள் மீண்டும் தலையெடுத்தன. மார்ச் 15ஆந் திகதி இறந்தார். பெனிசிலினின் வரலாற்றிலே முதற் பெரும் பாடம், பாதி மருந்து உயிர் காவாது என்பதுதான். அங்கே மருந்து இல்லாமற் குறைந்தது. இருந்தும் குறைத்தவர்களின் கதை பின்னர் வந்தது.

1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பிளெமிங்கின் நண்பர் ஹரி லாம்பேர்ட் மூளையுறை அழற்சியால் உயிருக்குப் போராடினார். புளோரியிடம் மருந்தை வேண்டிப் பெற்று, முள்ளந்தண்டின் ஊடாகவும் ஏற்றி அவரைப் பிளெமிங் குணப்படுத்தினார். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. புகழ் வெள்ளமாய்ப் பெருகிற்று. 1944இல் சேர் பட்டம். 1945இல் புளோரி, செயின் ஆகியோருடன் நோபல் பரிசு. ஒக்ஸ்போர்ட் நகரத்தார்க்கு உரிய பங்கை உலகம் அந்நாளில் நிறையக் கொடுக்கவில்லை என்றே யான் கருதுகின்றேன்.

அந்த 1945ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி ஸ்ரொக்ஹோம் நகரில் நிகழ்த்திய பரிசுரையின் முடிவிலேதான் நான் முற்கூறிய அச்சத்தைப் பிளெமிங் வெளியிட்டார். பெனிசிலினை அளவுக்கு மிஞ்சி உண்டு நஞ்சாகிவிடுமோ என்று அவர் கவலைப்படவில்லை. குறைத்து உண்பதற்கே அஞ்சினார். கொல்லப் போதாத அளவு மருந்திலே கிருமிகளை வளர்த்தால், அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகளை ஆய்வுகூடத்தில் எளிதில் உண்டாக்கலாம். மனித உடம்பிலும் அதுவே நிகழ்ந்துள்ளது என்றார். கடைகளில் எவரும் வாங்கக்கூடிய காலம் வந்தால், அறியாதவன் தனக்குத் தானே குறைமருந்து கொடுத்துக்கொள்வான் என்று கூறி, ஒரு கற்பனைக் குடும்பத்தையும் காட்டினார். தொண்டை நோவுற்ற ஒருவன் மருந்தை வாங்கிச் சிறிது உண்கின்றான். அவன் தொண்டையிலுள்ள ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும், மணிகோத்தாற் போல வரிசையாய் நிற்கும் கிருமிகள் சாகவில்லை. மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கின்றன. அவனிடமிருந்து அவை மனைவிக்குத் தொற்றுகின்றன. அவளுக்கு நியூமோனியா காண்கின்றது. பெனிசிலின் பயன்படவில்லை. அவள் இறக்கின்றாள். அச்சாவுக்குப் பொறுப்பாளி அந்தக் கணவனே என்று பிளெமிங் தீர்ப்பளித்தார்.

பரிசு பெறும் மேடையிலே தம் மருந்தால் ஒரு பெண் இறக்கும் கதையைச் சொன்னவர் வேறு எவரும் உளரோ, யான் அறியேன்.

இனி எங்கள் வீட்டுக் கதை. 1982ஆம் ஆண்டு எனக்கு வயது பதின்மூன்று, தங்கைக்கு ஒன்பது. தொண்டை நோவும் காய்ச்சலுமாய்க் கிடந்தவளை அம்மா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வைத்தியரிடம் போய்வந்தார். நாளுக்கு நான்காகப் பத்து நாளுக்கு நாற்பது பெனிசிலின் குளிசைகள் கிடைத்தன. உறையின்மேல் நாட்கணக்கு எழுதப்பட்டிருந்தது. அம்மாவுக்கு எழுத்து வராது. அப்பா கடலுக்குப் போய்விடுவார். படித்துப் பார்த்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் பிள்ளை விளையாடப் போய்விட்டாள். இனி ஏன் மருந்து என்று அம்மா கேட்டார். யானும் ஆம் என்றேன். இருபத்தெட்டுக் குளிசைகளும் தகரப் பேணியொன்றில் அடுத்த காய்ச்சலுக்கென்று பத்திரமாய் வைக்கப்பட்டன. அவற்றுட் சில, அயல்வீட்டுப் பையனுக்குக் கட்டு வந்தபோது அன்போடு கொடுக்கப்பட்டன.

மூன்று வாரத்துக்குப்பின் தங்கையின் முழங்கால் வீங்கிற்று. அது தணிய மற்றைய முழங்கால், பின் கணைக்கால். வாதமென்று பரிசாரியார் எண்ணெய் கொடுத்தார். மூச்சு வாங்கத் தொடங்கிய பின்னரே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். இருதயத்தின் வாயில் பழுதாகிவிட்டது என்றார்கள். அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நீண்டநாள் நிற்கும் பெனிசிலின் ஊசி. 1990இல் பாதைகள் அடைபட்டபோது ஊசி தவறியது. நோய் மீண்டும் எழுந்து வாயிலை இன்னும் கெடுத்தது. 2003இல் கொழும்பிலே செயற்கை வாயில் பொருத்தினார்கள். இன்றும் இருக்கின்றாள். குருதி உறையாதிருக்க நாள்தோறும் குளிசை உண்கின்றாள். கிணற்றில் ஒரு வாளி நீர் அள்ளினால் இளைக்கின்றது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிப் பாட்டிலே, நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து மருந்தைத் தவறாது கொடுப்பவர் எனக் கூறுகள் நான்கு சொல்லப்படுகின்றன. அதை வகுப்பிலே எத்தனையோ முறை பொழிப்புரைத்திருக்கின்றேன். நான்காவது கூறு யானே என்பது முதலிற் படிப்பித்த ஆண்டுகளில் என் மனத்திற் படவில்லை. பின்னர் ஒரு நாள் பிளெமிங்கின் அந்தக் கணவனைப் பற்றிப் படித்தபோதுதான் பட்டது. அன்றைக்கு வகுப்பை நடத்த முடியவில்லை.

இங்கே அறிவியல் சொல்லும் ஒரு வியப்பையும் மறைத்தலாகாது. பிளெமிங் காட்டிய உதாரணம் ஒரு வகையிற் பிழைத்தது. தொண்டையைப் பற்றும் அந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ் இன்றளவும் பெனிசிலினுக்கு அடங்கியே இருக்கின்றது. எதிர்க்கக் கற்றுக்கொண்டவை வேறு கிருமிகள். பெனிசிலினை உடைக்கும் நொதியம் ஒன்று கிருமிகளில் உண்டென்பதை, நோயாளி ஒருவருக்கேனும் ஊசியேற்றுமுன் 1940இலேயே செயினும் ஏப்ரகாமும் வெளியிட்டிருந்தனர். அவர் தட்டிலே கரைந்துபோன அதே ஸ்டபிலோகொக்கஸ் இனம் சில ஆண்டுகளில் மருந்தை வென்றது. இலண்டன் வைத்தியசாலையொன்றில் மேரி பார்பர் என்னும் அம்மையார் ஆராய்ந்தபோது, 1948அளவில் அங்கு கண்ட அக்கிருமிகளுட் பாதிக்கு மேற்பட்டவை பெனிசிலினுக்கு அஞ்சாதனவாய் இருந்தன.

அங்ஙனமாயின் எங்கள் வீட்டிற் கெட்டது எது? கிருமி கற்றுக்கொள்ளவில்லை; சாகாமல் எஞ்சியது, அவ்வளவே. எஞ்சிய கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் காப்புப் பொருள்கள், இருதயத் தசையையும் வாயிலையும் கிருமியென்று மயங்கித் தாக்குகின்றன. அதுவே மூட்டுவாதக் காய்ச்சல். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து விமானப்படை முகாமொன்றில் ராமெல்காம்ப் என்பவரும் அவர் கூட்டத்தாரும் ஆராய்ந்து, தொண்டைநோய்க்குப் பெனிசிலினைத் தக்கவாறு கொடுத்தால் இக்காய்ச்சல் வாராது தடுக்கலாம் என்று 1950இல் வெளியிட்டனர். தொண்டை நோவு மூன்று நாளிலே ஆறிவிடும். கிருமியை வேரோடு அகற்றப் பத்து நாள் வேண்டும். நோவும் நோயும் ஒன்றல்ல. தமிழிலே இவ்விரண்டு சொற்களையும் வேறுபடுத்திக் கற்பிக்கும் யான் அதனை அறியாதிருந்தேன்.

இதே இடர்ப்பாட்டைச் சென்னையிலும் கண்டார்கள். சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையத்தில் வொலஸ் பொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர், ஏழை நோயாளர்கள் வீட்டிலிருந்தே ஓராண்டு மருந்துண்டாலும் நோய்மனைக் கட்டிலிற் கிடப்பவர்க்கு நிகராகக் குணமடைவர் என்பதை மெய்ப்பித்தார். உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றிய முடிபு அது. ஆனால் இருமல் நின்றதும் குளிசையை நிறுத்திவிடுவோரே அவரை வருத்தினர். முன்னறிவித்தலின்றி வீட்டுக்குச் சென்று குளிசைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள், பின்பு ஊழியர் கண்முன்னே மருந்தை உண்ணச் செய்யும் முறையையும் அங்கே ஆராய்ந்தார்கள். இன்று உலகெங்கும் வழங்கும் அம்முறைக்குத் தமிழ்நாட்டு ஏழைகளின் வீட்டுத் திண்ணைகளும் பிறப்பிடமாயின.

மருந்தை எத்தனை நாள் உண்ணவேண்டும் என்பதிலே இக்கால ஆராய்ச்சி சில மாற்றங்களைச் செய்திருக்கின்றது என்பதையும் சொல்லுதல் நேர்மை. நியூமோனியா முதலிய சில நோய்களுக்கு முன்பு பத்து நாள் கொடுத்த இடத்தில் இப்போது ஐந்து நாள் போதும் என்கின்றனர். வேண்டாத நாள்களில் உண்பதும் உடலிலுள்ள பிற கிருமிகளைப் பழக்குமாம். ஆனால் குறைப்பவர் வைத்தியர். ஒன்பது வயதுப் பிள்ளையின் பதின்மூன்று வயது அண்ணன் அல்லன். மூட்டுவாதக் காய்ச்சல் மிகுந்த எம்மைப்போன்ற நாடுகளிலே தொண்டைநோய்க்குப் பத்து நாள் என்பது இன்னும் பத்து நாளே.

பிளெமிங்கின் அச்சத்தை அவர் காலத்து வணிகர் பொருட்படுத்தவில்லை. பெனிசிலின் கலந்த களிம்பு, தொண்டைக்கு உறிஞ்சும் இனிப்பு முதலியனவெல்லாம் விற்பனைக்கு வந்தன. பிரித்தானியா 1947இல் சட்டமியற்றி, வைத்தியர் எழுத்தின்றி அதை விற்பதைத் தடுத்தது. அவரோ நாடு நாடாகச் சென்று பட்டங்களைப் பெற்றுக்கொண்டும், அப்பூஞ்சணத்தைச் சிறு கண்ணாடி வில்லைகளிற் பதித்து அன்பளிப்பாகக் கொடுத்துக்கொண்டும் இருந்தார். நிறம் வேறுபட்ட கிருமிகளைத் தாளிலே வளர்த்துப் படம் வரையும் விளையாட்டும் அவருக்கு உண்டு. முதல் மனைவி சேரா அம்மையார் 1949இல் இறந்தார். 1953இல், தம்மோடு ஆராய்ச்சி செய்த கிரேக்க நாட்டு அமாலியா அம்மையாரை மணந்தார். பிற்காலத்தில் தம் நாட்டின் இராணுவ ஆட்சியை எதிர்த்து 1971இற் சிறை புகுந்த வீரப்பெண் அவர்.

1955ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி, எழுபத்துமூன்றாம் வயதில், இலண்டனில் தம் வீட்டிலே பிளெமிங் காலமானார். இருதயநோய். அவருடைய சாம்பல் சென் போல்ஸ் பேராலயத்தின் நிலவறையில் வைக்கப்பட்டது. ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில், காளைப்போர் அரங்கின் வாயிலில், கொம்பு கிழித்த காயங்களால் முன்பு மாண்டுவந்த காளைப்போர் வீரர்கள் பணஞ் சேர்த்து அவருக்குச் சிலை எடுத்திருக்கின்றார்கள். வீரனொருவன் தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கஞ் செய்யும் கோலம். அதன் படத்தைத் தங்கைக்குக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தத் தகரப் பேணி இப்போது எங்கே அண்ணா என்று கேட்டாள்.